வற்றிய கண்மாயைப் பார்த்து வையுங்கள்

கண்மாயில் தூண்டில் போட நல்ல மாதம் தை. ஆனால் அதற்கான வேலையை வைகாசியிலேயே தொடங்கிவிட வேண்டும். கண்மாய் காய்ந்து, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, கம்பும் முள்ளும் வீட்டிலேயே இருக்கட்டும். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். இந்த நூலில் ஒரே ஒரு யோசனையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால், இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் மீன் பிடிப்பவரே இல்லை. சிவகங்கைப் பக்கம் ஒரு சின்னக் கண்மாயில் விடிந்ததிலிருந்து பத்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். நல்ல கம்பு, புது நரம்பு, ஈரம் காயாத மண்புழு எல்லாம் இருந்தும் தக்கை அசையவே இல்லை. ஆடு ஓட்டிக்கொண்டு கரைமேல் வந்த ஓர் அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “அங்ன உக்காந்தா என்ன கெடைக்கும் தம்பி? அது மேடு. மண்ணு அள்ளுன பள்ளம் அந்தா, ரெட்டைக் கருவேலத்துக்கு நேராவுல்ல இருக்கு.” நான் சாமானைத் தூக்கிக்கொண்டு நாற்பது அடி நகர்ந்தேன். முதல் கெளுத்தி ஐந்து நிமிடத்தில் வந்தது. கோடையில் அந்தத் தரையில் ஆடு மேய்த்தவர் அவர். தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இருவரும் பார்த்தது ஒரே தண்ணீரைத்தான்.

மழை மறைவுப் பிரதேசங்களில் இருக்கும் கண்மாய்களும் ஏரிகளும் நமக்குத் தரும் பெரிய வசதி இது. ஆற்றின் அடித்தரையையோ மலைமேல் அணையின் அடித்தரையையோ யாரும் எளிதில் பார்த்துவிட முடியாது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைக் கண்மாய்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கொருமுறை தம் வயிற்றைத் திறந்து காட்டிவிட்டுத்தான் மறுபடி நிறைகின்றன.

காய்ந்த தரையில் என்ன பார்ப்பது

முதலில் கண்மாயின் அமைப்பு. கண்மாய்க்கு மூன்று பக்கம் இயற்கையான சரிவு. பள்ளமான நான்காவது பக்கத்தில் மட்டும் மண்கரை. அதனால் ஆழம் எப்போதும் கரையை ஒட்டியே இருக்கும், மடைக்குப் பக்கத்தில் இன்னும் கூடுதல். கரை போடுவதற்கும் பலப்படுத்துவதற்கும் உள்பக்கத்திலிருந்தே மண் வெட்டியிருப்பார்கள். அந்தப் பள்ளம் கரையோடு கூடவே ஒரு வாய்க்கால் மாதிரி ஓடும். கரையின் உள்சரிவில் அலை அரிக்காமல் பதித்த கற்கள் இருந்தால், அவற்றின் இடுக்குகள் கெளுத்திக்கும் ஆராலுக்கும் வீடு.

அடுத்து, மண் அள்ளிய குழிகள். வயலுக்கு வண்டல் அள்ள அரசு அனுமதி கொடுத்தபிறகு பல கண்மாய்களில் இயந்திரம் வெட்டிய குழிகள் செங்குத்தாக, ஆளுயரத்துக்கு இருக்கின்றன. மீனுக்கு இவை கோடையிலும் கடைசியாக வற்றும் இடம். மனிதனுக்கு இவை மிகுந்த ஆபத்து. முழங்கால் தண்ணீர் என்று நினைத்து நடக்கும் பிள்ளை அடுத்த அடியில் தலைக்குமேல் தண்ணீரில் இருக்கும். இந்தக் குழிகள் எங்கே என்று தெரிந்துகொள்வது மீனுக்காக மட்டுமல்ல, உங்கள் உயிருக்காகவும், உங்களோடு வரும் குழந்தைக்காகவும்தான். நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் தூண்டில் போடும் கண்மாயில் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். முள் சிக்கினால் நரம்பு போகட்டும்.

மூன்றாவது, வரத்துக்கால் வந்து சேரும் இடம். வெள்ளம் அரித்த தடம் காய்ந்த தரையில் தெளிவாகத் தெரியும். அந்தத் தடம் கண்மாய்க்குள் எவ்வளவு தூரம் போகிறது, எங்கே மறைகிறது என்று பாருங்கள். தண்ணீர் நிறைந்தபின் மீன் மேயப் போவதும் திரும்புவதும் பெரும்பாலும் இந்தத் தடம் வழியாகத்தான்.

பிறகு முள் சிக்கக்கூடியவை: வெட்டிய கருவேலங்கட்டை, பழைய வலைத் துண்டு, வேலிக் கம்பி. இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டை இருக்கும் இடத்தில் விராலும் இருக்கும். ஆனால் மெல்லிய நரம்போடு அங்கே போகக் கூடாது.

குறித்துக்கொள்ள ஒரு நோட்டும் பென்சிலும் போதும். கரையிலிருந்து குழிவரை எத்தனை எட்டு என்று எண்ணுங்கள். தண்ணீர் நிறைந்தால் தரையில் வைத்த அடையாளம் எதுவும் தெரியாது. ஆகவே எட்டத்தில் நிற்கும் இரண்டு பொருளை ஒரே கோட்டில் பார்த்து வையுங்கள். எதிர்க்கரை அய்யனார் கோயில் அரசமரமும் அதற்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகிற இடம் என்று எழுதிக்கொண்டால், தை மாதத்தில் அந்தக் கோட்டில் நின்று இருபது எட்டுத் தூரத்துக்கு வீசினால் போதும்.

சித்திரை, வைகாசியில் ஏதாவது ஒரு மூலையில் சேறு மட்டும் ஈரமாக இருக்கும். அதையும் அலட்சியம் செய்ய வேண்டாம். விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவற்றுக்குச் செவுளோடு காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பும் உண்டு. ஈரச் சேற்றில் புதைந்தே பல நாள் தாக்குப்பிடிக்கும். பனையேறி ஈரத்தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி நகர்ந்து அடுத்த குட்டைக்கே போய்விடும். 1791-இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, இந்த மீன் பனைமரத்தின் பிளவில் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதி, அது 1797-இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. மரமேறுவதை நான் பார்த்ததில்லை. மழை பெய்த விடியற்காலையில் கண்மாய்க் கரையின் வண்டித்தடத்தில் அது நகர்ந்து போனதைப் பார்த்திருக்கிறேன். எங்கே ஈரம் கடைசிவரை இருந்ததோ, அங்கேதான் மழைக்குப் பின்னும் விராலைத் தேட வேண்டும்.

கேட்டுவிட்டு உட்காருங்கள்

கண்மாய் ஊருக்குப் பொது. அதன் மீன் அப்படியல்ல. பெரும்பாலான கண்மாய்களில் மீன்பாசிக் குத்தகை ஏலம் போயிருக்கும். குத்தகை எடுத்தவர் காசு கொடுத்து ரோகு, கட்லா, மிருகால் குஞ்சுகளை வாங்கி விட்டிருப்பார். இந்த மூன்றும் தேங்கிய தண்ணீரில் தாமாக முட்டையிடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரியும் அலிக்குஞ்ஞியும் ஊசி போட்டு இவற்றை முட்டையிட வைத்துக் காட்டியபிறகுதான் குளந்தோறும் குஞ்சு விடும் வழக்கம் பரவியது. ஆகையால் உங்கள் முள்ளில் வரும் ஒவ்வொரு ரோகுவும் யாரோ ஒருவர் காசு கொடுத்து விட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. கரையில் காவல் இருப்பவரிடம் நேராகப் போய், “அண்ணே, ஒரு தூண்டி போட்டுக்கிறட்டுமா?” என்று கேளுங்கள். எனக்குப் பெரும்பாலும் கிடைத்திருக்கும் பதில் இது: “போடுங்க தம்பி. ஆனா வளர்ப்புக் கெண்டை விழுந்தா விட்டுருங்க, குஞ்சு விட்டு மூணு மாசந்தான் ஆகுது. ஜிலேபி, கெளுத்தி எம்புட்டு வேணும்னாலும் புடிச்சுக்கங்க.” இது நியாயமான பேச்சு. ஜிலேபி வளர்ப்பு மீனின் தீவனத்தையும் இடத்தையும் தின்பதால், அதைப் பிடித்துப் போனால் அவருக்கு நல்லதுதான். வேண்டாம் என்று சொன்னால் வாதாட வேண்டாம். அடுத்த ஊரிலும் கண்மாய் இருக்கிறது.

கோயில் தெப்பக்குளம், குடிநீர் ஊருணி, பறவைகள் கூடு கட்டும் கண்மாய் ஆகிய மூன்றிலும் தூண்டில் போடாதீர்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி 1977-இல் பறவைகள் சரணாலயமானது. அங்கு வரும் பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. அப்படிப்பட்ட கரையில் நம் முள்ளுக்கும் நரம்புக்கும் வேலை இல்லை.

வெடி, மருந்து, மின்சாரம் பற்றி ஒரே வரி: இவை குஞ்சு முட்டை எல்லாவற்றையும் அழிக்கும், வெடிக்கும் விஷத்துக்கும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. மின்சாரத்தில் பிடிக்கப் போய்ப் பிடித்தவரே இறந்த செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது.

தண்ணீர் நிறைந்தபின் முதல் அரை மணி நேரம்

ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வரும். அப்போது தூண்டில் போடத் துடிப்பாக இருக்கும், பொறுத்திருங்கள். புதுத்தண்ணீருக்கு எதிரேறி வரும் மீன்கள் வயிற்றில் சினையோடு வருகின்றன. மார்கழிப் பனியில் மீன் மந்தமாக இருக்கும். தை பிறந்து வெயில் கொஞ்சம் உறைக்கத் தொடங்கியதும் நம் காலம். மாசி முழுக்க நல்ல பிடிப்பு கிடைக்கும். பங்குனி, சித்திரையில் தண்ணீர் இறங்க இறங்கக் குத்தகைக்காரரின் வலையும், அதன்பின் ஊத்தா, கச்சா என்ற மீன்பிடி கருவிகளோடு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழாவும் வந்துவிடும். அதற்குப் பிறகு தூண்டிலைச் சுருட்டி வைக்கலாம்.

கரைக்குப் போனதும் முள்ளை நனைக்காதீர்கள். நிழல் தண்ணீரில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, அரை மணி நேரம் சும்மா பாருங்கள். மண்கரை அதிர்ந்தால் மீன் விலகிப் போகும். நடையை மெதுவாக வையுங்கள்.

முதலில் நிறம். பச்சையாக இருந்தால் பாசி அதிகம். அப்படிப்பட்ட தண்ணீரில் இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து பிராணவாயுவைத் தின்றுவிடுவதால், விடியும் நேரத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். கெண்டைகள் வாயை மேலே தூக்கித் தூக்கிக் காற்றுக் குடிப்பதைக் கண்டால் இரையைப் போட்டுப் பயனில்லை. மூச்சுக்குத் தவிக்கும் மீன் தின்னாது. வெயில் ஏறி எட்டு, எட்டரை ஆகட்டும். மப்பு மந்தாரமான நாளில் இந்தத் தவிப்பு நீண்ட நேரம் இருக்கும். செம்மண் கலங்கலாக இருந்தால் மீன் கண்ணைவிட மோப்பத்தையே நம்பும்; மண்புழுவும் கோழிக்குடலும் எடுபடும். தெளிந்த தண்ணீர் என்றால் மெல்லிய நரம்பு, சின்ன முள், கரையிலிருந்து இரண்டு எட்டுப் பின்னால் உட்காருதல்.

பிறகு குமிழி. ஒரே இடத்தில் பெரிதாக, விட்டு விட்டு வரும் குமிழி அடிச்சேறு அழுகும் காற்று. கடுகு போலப் பொடியாக, கூட்டமாக எழுந்து, அடுத்து ஒரு முழம் தள்ளி, அதற்கடுத்து இன்னொரு முழம் தள்ளி என்று நகர்ந்துகொண்டே போனால், மிருகாலோ சாதாக்கெண்டையோ சேற்றைக் கிளறி மேய்கிறது என்று பொருள். அது போகும் திசையில் நான்கு முழம் முன்னால் இரையை இறக்க வேண்டும். தலைமேல் போட்டால் கலைந்துவிடும்.

கரையோரத் தெளிந்த தண்ணீரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டவட்டமாகத் தரை சுத்தமாக இருந்தால் அது ஆண் ஜிலேபி தோண்டிய குழி. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த மீன் எல்லாக் கண்மாயிலும் பெருகியதற்குக் காரணம், தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதுதான். புதிதாகத் தூண்டில் பிடிப்பவரும் குழந்தைகளும் முதலில் பிடிக்க ஏற்ற மீன் இது.

அல்லி இலைகளுக்கும் கோரைக்கும் இடையில் திறந்த தண்ணீர் கொஞ்சம் இருக்கும். அங்கே ‘டுப்’ என்று ஒரு சத்தம் கேட்டு, வட்டம் மட்டும் விரிந்தால் விரால் மூச்செடுத்துவிட்டுப் போயிருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். அதே இடத்தில், அல்லது ஓரிரு முழத்துக்குள், மறுபடி வரும். ஆனால் அந்த இடத்தில் தண்ணீருக்குமேல் செந்நிறமாகப் பொடிக் குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு நகர்ந்தால், தூண்டிலை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கின்றன. முள்ளில் கோத்த எதுவாக இருந்தாலும் குஞ்சுக்கு ஆபத்து என்று பாய்ந்து கவ்வும். அதைப் பிடிப்பது மிக எளிது. பிடித்தால் அந்தக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஜிலேபிக்கும் கொக்குக்கும் போகும். எத்தனை ஆசையாக இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள். நம் கண்மாய்களில் நாட்டு விரால் அரிதாகிவருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாகக் காற்று. காற்று எந்தக் கரையைப் பார்த்து அடிக்கிறதோ அந்தக் கரையில் மிதக்கும் தூசி, பூச்சி, பாசி எல்லாம் ஒதுங்கும். அவற்றின் பின்னால் மீனும் ஒதுங்கும். முகத்தில் காற்று அடிக்க வீசுவது சிரமம்தான். ஆனால் அந்தக் கரையே சரி.

கம்பு, நரம்பு, முள்

கடையில் விற்கும் கம்பும் ரீலும் நல்லவையே. ஆனாலும் முதல் வருடத்தை மூங்கில் கம்போடு கழியுங்கள். பத்து முதல் பன்னிரண்டு அடி நீளம், நுனி சுண்டுவிரலைவிட மெல்லியது, கணுக்கள் நெருக்கமானது, நிழலில் காயவைத்தது. கையில் பிடித்து ஆட்டினால் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளைய வேண்டும். மீன் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் நேராக உள்ளங்கைக்கு வரும். ரீலில் இது பிடிபட நாளாகும்.

நரம்பு 0.25 மில்லிமீட்டர் போதும். ரோகு, மிருகால் என்றால் 0.30 அல்லது 0.35. முள்ளின் எண் கூடக்கூட முள் சின்னதாகும் என்பதை மறக்காதீர்கள்: பொடிக்கெண்டைக்கும் சின்ன ஜிலேபிக்கும் 10 அல்லது 12, கெளுத்திக்கும் நடுத்தரக் கெண்டைக்கும் 6 அல்லது 8.

முடிச்சில்தான் பெரும்பாலான பெரிய மீன் தப்பிக்கிறது. காது வைத்த முள்ளாக வாங்குங்கள். நரம்பைக் காதுக்குள் நுழைத்து ஒரு சாண் வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். அந்த நுனியை நீள நரம்பின்மேல் ஆறு சுற்று சுற்றுங்கள். முள்ளின் காதை ஒட்டி ஒரு சின்ன வளையம் உண்டாகியிருக்கும். நுனியை அதற்குள் விடுங்கள். விட்டதும் இன்னொரு பெரிய வளையம் உண்டாகும், அதற்குள்ளும் விடுங்கள். இப்போது வாயில் வைத்து எச்சிலால் நனைத்து, மெதுவாக இழுங்கள். சுற்றுகள் கம்பிச்சுருள்போல ஒழுங்காக இறுக வேண்டும். உலர்ந்தபடி இழுத்தால் உராய்ந்து சூடாகி, அந்த இடத்திலேயே நரம்பின் வலு போய்விடும்.

தக்கைக்கு மயிலிறகுத் தண்டும் நெட்டியும் பழைய பொருள்கள். ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டும் நன்றாகவே வேலை செய்யும். எதுவானாலும் ஈயம் கட்டியபின் தக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்குமேல் தெரிய வேண்டும். பாதித் தக்கை மேலே நின்றால், மீன் அதன் பாரத்தை உணர்ந்து இரையை உமிழ்ந்துவிடும்.

ஆழம் பார்க்க, முள்ளில் கொஞ்சம் கனமான ஈயத்தைக் கட்டி விடுங்கள். தக்கை மூழ்கினால் அதை மேலே தள்ளுங்கள். படுத்துவிட்டால் கீழே இறக்குங்கள். நுனி மட்டும் நிமிர்ந்து தெரியும் இடம் சரியான ஆழம். கெளுத்திக்கும் மிருகாலுக்கும் இரை தரையைத் தொட வேண்டும். ரோகுவுக்குத் தரையிலிருந்து ஒன்றரை முழம் மேலே. கட்லாவுக்கு இன்னும் மேலே, தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில். வைகாசியில் எண்ணி எழுதிய எட்டுக் கணக்கும் இந்த ஆழமும் ஒத்துப்போனால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

இரை

மண்புழுவை எல்லாக் கண்மாய் மீனும் தின்னும். மாட்டுத் தொழுவத்தின் ஓரம், வாழைக்கு அடி, கழிவுநீர் வாய்க்கால் ஓரம் தோண்டினால் கிடைக்கும். ஈரமண்ணும் காய்ந்த இலையும் போட்ட சிரட்டையில் வையுங்கள். வெயிலில் வைத்தால் அரை மணியில் கூழாகிவிடும். முள்ளில் கோக்கும்போது வால்பக்கம் அரை அங்குலம் தொங்கி நெளிய வேண்டும்.

வளர்ப்புக் கெண்டை பிடிக்க அனுமதி இருந்தால் மாவு. கோதுமை மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கெட்டியாகப் பிசைந்து, வறுத்துப் பொடித்த சோம்பு ஒரு சிட்டிகை சேருங்கள். மாவு கரைந்துபோகாமல் இருக்க, கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துச் சேர்த்து மறுபடி பிசையுங்கள். சுண்டைக்காய் அளவு உருட்டி, முள்ளின் முனை மட்டும் மறையும்படி ஒட்டுங்கள். தூவுதீனிக்கு இரண்டு பங்கு தவிடு, ஒரு பங்கு ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு. எலுமிச்சை அளவில் நான்கு உருண்டைகள், அவ்வளவுதான். தீராத தீனி அடியில் புளித்துத் தண்ணீரைக் கெடுக்கும்.

விராலுக்கு உயிர்த்தவளையைக் கோப்பது பழைய வழக்கம். நான் அதை விட்டுவிட்டேன். தவளை வயலுக்கு வேண்டிய உயிர்; முதுகில் முள் குத்தி மணிக்கணக்கில் துடிக்கவிடும் காட்சியும் எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது கிடைக்கும் ரப்பர் தவளை அல்லிக்கொடிகளில் சிக்காமல் இலைமேல் தாவித் தாவி வரும்; விரால் அதைத் தயங்காமல் அடிக்கிறது. இதற்கு மட்டும் ரீலும் தடித்த பின்னல் நூலும் வேண்டும். அடித்ததும் இழுக்காதீர்கள். ‘ஒன்று, இரண்டு’ என்று மனதில் எண்ணி, கம்பில் பாரம் தெரிந்தபிறகு ஓங்கி இழுங்கள்.

தக்கையைப் பார்த்து மீனை அறிதல்

பொடிக்கெண்டை வந்தால் தக்கை தாளம் போடும்; முள்ளைத் தூக்கிப் பார்த்தால் இரை இருக்காது. அவை மொய்த்தால் இரையைப் பெரிதாக்குங்கள், அல்லது ஆழத்துக்குப் போங்கள். ஜிலேபி இரண்டு மூன்று முறை நடுங்கவைத்து, பிறகு பக்கவாட்டில் சரித்து இழுத்துக்கொண்டு போகும், போகும்போது சுண்டுங்கள். கெளுத்திக்கு முன்னறிவிப்பே கிடையாது. நேராகக் கீழே, ஒரே இழுப்பு.

மிருகாலும் ரோகுவும்தான் பொறுமையைச் சோதிப்பவை. தரையிலிருந்த இரையை உறிஞ்சி, தலையை நிமிர்த்தும்போது ஈயமும் சேர்ந்து எழும்பும். அப்போது தக்கை மூழ்காது. மேலே எழும்பிப் படுத்துவிடும். புதியவர்கள் எதுவோ தட்டிவிட்டது என்று சும்மா இருப்பார்கள். தக்கை படுக்கும் அந்த நொடியில்தான் சுண்ட வேண்டும். சுண்டுவது என்றால் மணிக்கட்டை ஒரு சாண் திருப்புவது மட்டும். கம்பைத் தலைக்குமேல் வீசி இழுத்தால் மீனின் மெல்லிய வாய் கிழியும்.

தக்கை மெதுவாக, மிக மெதுவாக, கனமாக அமிழ்ந்து போனால் ஆமையாக இருக்கலாம். நம் குளத்து ஆமைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றை வைத்துக்கொள்வது குற்றம். ஈரத்துணியால் ஓட்டைப் பிடித்து, குறடால் முள்ளை எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். முடியாவிட்டால் முள்ளை ஒட்டி நரம்பை வெட்டிவிடுங்கள்.

பெரிய மீன் மாட்டினால் கரைக்கு இழுக்க அவசரப்படாதீர்கள். கம்பு நிமிர்ந்தே இருக்கட்டும், நரம்பு தொய்யவே கூடாது. மீன் கட்டைப் பக்கம் ஓடினால் கம்பை எதிர்ப்பக்கம் சாய்த்துத் தலையைத் திருப்புங்கள். அது பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளை வயிறு தெரியும்வரை கைவலையை நீட்ட வேண்டாம்.

கையில் எடுக்கும்போது

கெளுத்தியின் முதுகில் ஒன்றும் பக்கங்களில் இரண்டுமாக மூன்று முட்கள் உண்டு. பயந்தால் மூன்றையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். வயிற்றுப்பக்கமிருந்து, பக்க முட்களுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அணைத்தபடி பிடிக்கப் பழகுங்கள். அதுவரை துணியும் குறடும்.

தேளி வேறு கதை. கறுப்பாக, நீளமாக, எட்டு மீசையோடு இருக்கும். பக்க முள்ளில் நஞ்சு உண்டு, பெயரே அதனால்தான். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். சூட்டில் வலி குறையும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, ஆகவே வெந்நீரை மற்றக் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மருத்துவரிடம் போய் முள் உள்ளே முறிந்திருக்கிறதா என்று பார்த்து, தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். வீக்கம் மேலே ஏறினாலோ மூச்சுத் திணறினாலோ வெந்நீருக்குக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

விடப்போகும் மீனை ஈரக்கையால்தான் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும். அந்த இடத்தில் புண்பிடிக்கும். தலையைத் தண்ணீருக்குள் நிறுத்தி, தானாகத் துடுப்பை அசைத்துப் போகும்வரை தாங்கிக்கொள்ளுங்கள். தின்னப் போகும் மீனை மணலில் துடிக்கப் போட்டு வைக்காதீர்கள். தலையில் ஒரே அடி. அதற்கும் துடிப்பு இல்லை, கறியும் கெடாது.

வீட்டில் அடுப்புச் சாம்பலும் கல்லுப்பும் போட்டு, உரசுகல்லில் தேய்த்துக் கழுவுங்கள். கண்மாய் மீனின் சேற்று வாடைக்குக் காரணம் பாசியும் மண்ணில் வாழும் நுண்ணுயிரும் உண்டாக்கும் ஒரு பொருள். புளிப்பு அதை உடைத்துவிடும். புளிக்கரைசலிலோ மோரிலோ கால் மணி நேரம் ஊறவைத்து அலசினால் வாடை போகும். கண்மாய் மீனுக்குப் புளி கொஞ்சம் தூக்கலாக வைப்பதில் நம் வீட்டுப் பெண்களுக்கு இருந்த கைக்கணக்கு இதுதான்.

கரையை விட்டுக் கிளம்பும்முன் அறுந்த நரம்புத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாரையின் காலில் நைலான் சுற்றி, விரல் கறுத்துப்போய் நின்றதை ஒருமுறை பக்கத்தில் பார்த்தேன். அதைப் பிடிக்கவும் முடியவில்லை, அவிழ்க்கவும் முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு சாண் துண்டைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை.

பிறகு அந்த வைகாசி நோட்டைத் திறந்து, எந்தக் குழிக்கு நேரே, எத்தனை முழ ஆழத்தில், எந்த இரைக்கு, எத்தனை மணிக்கு என்ன மீன் வந்தது என்று எழுதுங்கள். வராத நாளையும் எழுதுங்கள். அடுத்த கோடையில் அந்த நோட்டோடு மறுபடி கண்மாய்க்குள் இறங்கிப் பாருங்கள். வண்டல் அள்ளியிருப்பார்கள், பழைய குழி தூர்ந்திருக்கும், புதுக்குழி வேறெங்கோ இருக்கும். எட்டுக்கணக்கை அங்கிருந்து மறுபடி எண்ண வேண்டும்.